பாலம் என்று பேர் வைத்தவர்களிடம் சில கேள்விகள்

போன மாசம் கே.கே. நகரில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ நாவலைப் பற்றி ஒரு கூட்டம். முப்பது பேர் இருந்திருப்போம். 1978-இல் வந்த நாவல். 2023-இல் ஆங்கிலத்துக்குப் போன பிறகு மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. பேசிய நண்பர் நன்றாகத்தான் பேசினார். அந்தக் காலத்திலேயே இவ்வளவு துணிச்சலா, சமஸ்கிருதம் படித்த ஒருவர் இதையெல்லாம் எழுதியிருக்கிறாரே என்று வியந்தார். முடிக்கும்போது ஒரு வாக்கியம் சொன்னார்: “கணேசன் ஆணிடமும் போனான், பெண்ணிடமும் போனான். கடைசியில் உடம்பு கணக்கைத் தீர்த்துக்கொண்டது.” கூட்டம் தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

படியிறங்கி அசோக் பில்லர் பக்கம் நடக்கும்போதுதான் உறைத்தது. இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 2003-இல் எங்க பெரியம்மா மகனைப் புதைத்துவிட்டு வந்த ராத்திரி, எங்க தெருவில் ஒருத்தர் இதையேதான் சொன்னார். அவர் நாவல் படித்தவரில்லை. வார்த்தை கொச்சை, அர்த்தம் ஒன்றுதான். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தரம் சும்மா இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

*

முதலில் நாவல்.

தொழுநோயோடு கும்பகோணத்துக்குத் திரும்பி வருகிறான் கணேசன். அங்கிருந்து அவனுடைய பழைய வாழ்க்கை விரிகிறது. ஆதரவற்ற பையன், அழகன். வசதி படைத்த ஆணின் ஆசைக்கு ஆளாகிறான், அதன் நிழலில் வளர்கிறான். பிறகு பெண்களோடும் உறவு. இன்னொரு பக்கம் கிட்டா. அவன் பசி பணப்பசி. இந்த இரண்டு பசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் நாவலின் பலம் என்று விமர்சகர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். நாவல் கணேசனை வெறுக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நாறும் உடம்பைக் கிட்டப்போய்ப் பார்க்கிற தைரியம் அதற்கு இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி. பணத்தைத் துரத்தியவனுக்கு நோய் வரவில்லை. உடம்பைத் துரத்தியவனுக்கு ஏன் வந்தது? தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று 1873-லேயே ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். அது பாலுறவு நோய் அல்ல. மருந்து எடுக்காத நோயாளியோடு நெடுநாள் நெருங்கியிருந்தால் மூக்குச் சளி வழியாகப் பரவக்கூடியது. சம்சாரிக்கும் வரும், சாமியாருக்கும் வரும். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்த பிறகு முழுக்கக் குணமாகிற நோய் அது. ஆசிரியர் “இதனால் இது வந்தது” என்று எழுதவில்லை. வாசகன் எழுதிக்கொள்கிறான். எழுதிக்கொள்ளும்படி பிரதி இடம் விட்டிருக்கிறது. ஊழ்வினைக் கதையாடலில் ஊறிய மனசுக்கு நோய் என்பது தீர்ப்பு. முற்பிறவியில் செய்த பாவத்தால் பறையனாகப் பிறந்தான் என்று சொன்ன அதே தர்க்கம்தான் இந்தப் பிறவியில் செய்த பாவத்தால் குஷ்டம் வந்தது, எய்ட்ஸ் வந்தது என்கிறது. முதல் பாதியை மறுக்கிற நாம் இரண்டாம் பாதிக்கு எப்படித் தலையாட்டுகிறோம்?

*

எங்க அண்ணன் பெயிண்டர். எனக்கு ரெண்டு வயசு மூத்தவன். கே.கே. நகர் ஹவுசிங் போர்டு வீடுகளிலும் பிறகு வந்த அடுக்குமாடிகளிலும் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தவன். எம்.ஜி.ஆர். நகர் பக்கம் பத்துக்குப் பத்து வீட்டில் நாங்கள் ஆறு பேர்.

1994 வாக்கில் ஒருநாள் சிவன் பார்க் ஓரம் உட்கார்ந்து சொன்னான். கூட வேலை செய்கிற ஒருத்தன்மேல் பிரியம். “அவனும் வேணும்னு இருக்குது. பொண்ணுங்களும் புடிக்குது. அப்ப நான் இன்னாடா?”

நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்து மூன்று வருசம். பெரியாரைப் படித்திருந்தேன், மார்க்சைப் படித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அவனுக்குக் கொடுத்த பதில்: “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்ணா.” அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. 1996-இல் கல்யாணம். பத்திரிகை வாசகம் எழுதியது நான்தான், சுயமரியாதைத் திருமணம்.

2001-இல் இருமல் ஆரம்பித்தது. பெயிண்ட் வாசனை, சுவர்த்தூசி என்று ஒரு வருசம் ஓடிவிட்டது. பிறகு ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புறநோயாளி வரிசை. மேசைக்கு முன்னால் நாங்கள், எங்கள் முதுகை ஒட்டி நாற்பது பேர். சத்தமாகத்தான் கேட்டார்கள்: “குடி உண்டா? பொம்பளைங்ககிட்ட போற பழக்கம் உண்டா?” அண்ணன் என்னைப் பார்த்தான். படித்தவன் நான்தானே. “கல்யாணம் ஆனவரு சார்” என்றேன். அது பதில் இல்லை. ஆனாலும் பதிலாக எழுதிக்கொண்டார்கள். ஆண்களைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

டி.பி. என்று மருந்து கொடுத்தார்கள். குறைந்தது, திரும்ப வந்தது. எச்.ஐ.வி. கிருமி உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டால் உள்ளே தூங்கிக்கிடக்கிற காசநோய் எழுந்துகொள்ளும். ஒன்றைத் தேடாமல் மற்றதுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பாதி வேலைதான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2003 நடுவில்தான் ரத்தப் பரிசோதனை. கடைசி வாரங்கள் தாம்பரம் சானடோரியத்தில். நவம்பரில் போய்விட்டான். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய ஒருசில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. நடுவில் அஞ்சு மாசம்.

அண்ணிக்கும் கிருமி இருந்தது. அண்ணி இருக்கிறார். இருபது வருசத்துக்கு மேலாக மாத்திரை சாப்பிடுகிறார், கே.கே. நகரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். ஒருதரம் கேட்டார்: “எனக்குத் தெரியாமயா இருக்கும் தம்பி? பாதி தெரியும். மீதிய அவரு சொல்லியிருந்தா நானும் அழுதிருப்பேன், சண்ட போட்டிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து ஆஸ்பத்திரிக்கு போயிருப்போம். சொல்ல உட்டீங்களா நீங்க?” அந்த ‘நீங்க’வில் முதல் ஆள் நான்.

*

பிறகு வந்த வருசங்களில் எய்ட்ஸ் தடுப்பு இலக்கியத்தைப் படித்தேன். இலக்கியம் என்றுதான் அவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் எங்க அண்ணனைப் போன்றவர்களுக்கு ஒரு பேர் இருந்தது: பாலம். 1980-களின் அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே இந்த உருவகம் வந்துவிட்டது. ஆணோடும் பெண்ணோடும் உறவு உள்ளவன், ‘ஆபத்தான’ கூட்டத்திலிருந்து ‘சாதாரண’ மக்களுக்கு நோயைக் கடத்துகிற பாலம். இந்தியத் திட்டங்களில் லாரி ஓட்டுநருக்கும் புலம்பெயர்ந்த கூலிக்கும் அந்தப் பேரை வைத்தார்கள். மனைவியுள்ள ஆண்-ஆண் உறவுக்காரர்களைப் பற்றிய ஆய்வுகளிலும் அதே சொல் வந்து நின்றது.

தோழர்களே, ஒரு சொல்லை விமர்சிப்பது வார்த்தை விளையாட்டு இல்லை. பாலத்துக்குக் காய்ச்சல் வருமா? பாலத்துக்கு ராத்திரி தூக்கம் வராமல் இருக்குமா? பாலத்தைக் குறித்து யாரும் கவலைப்படுவதில்லை, அதன் மேல் என்ன போகிறது என்றுதான் கவலைப்படுகிறார்கள். அவன் உடம்பு சிகிச்சைக்குரிய உடம்பாக இல்லை. மற்றவர் உடம்புக்கு நேரக்கூடிய ஆபத்தாக மட்டும் பார்க்கப்பட்டது. தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட உடம்புக்காரர்களான நமக்கு இந்தப் பார்வை புதுசா?

இந்த ஊரில் இது பழைய கதை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தில். அந்த விஞ்ஞானத்தையும் உழைப்பையும் மதிக்கிறேன். கண்டுபிடித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும். ரத்தம் கொடுத்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்? கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்த பெண்களை வெளியே விடாமல் காப்பகத்தில் வைத்திருந்ததும், உயர்நீதிமன்றம் வரை போய் அவர்களை மீட்க வேண்டியிருந்ததும் இதே தமிழ்நாட்டில்தான்.

*

ஆண்-ஆண் உறவுக்காரர்களுக்காகச் சென்னையில் வேலையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1998-இல் ‘சகோதரன்’ அமைப்பு தொடங்கியது. அதுபோல வேறு குழுக்களும் வந்தன. வெங்கடேசன் சக்ரபாணியும் மற்றவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, சென்னையின் கோத்திகள் போலீசிடமும் ரவுடிகளிடமும் குடும்பத்திடமும் படுகிற வன்முறையே அவர்களை நோயின் பக்கம் தள்ளுகிறது என்று காட்டியது. இது முக்கியமான திருப்பம். நோய்க்குக் காரணம் நடத்தை என்ற பேச்சிலிருந்து, நோய்க்குக் காரணம் அமைப்பு என்ற பேச்சுக்கு வந்தார்கள்.

ஆனால் திட்டத்தின் கண்ணுக்கு யார் தெரிந்தார்கள்? நடையுடையில் பெண்மை தெரிகிற கோத்தி தெரிந்தார். எங்க அண்ணன் மீசை வைத்த பெயிண்டர், ரெண்டு பிள்ளைக்கு அப்பன். அவனை யாரும் தேடி வரவில்லை. தெருமொழியில் அவன் மாதிரி ஆளுக்கு ‘டபுள் டெக்கர்’ என்று ஒரு கிண்டல் பேர் உண்டு. இவர்கள் நம்பத்தகாதவர்கள், கடைசியில் பெண்டாட்டியிடம் ஓடிவிடுவார்கள் என்று அங்கேயும் ஒரு விலக்கம். இந்தப் பக்கம் ஆம்பளையில்லை, அந்தப் பக்கம் நம்மாளில்லை.

வெளிநாட்டில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு 2013-இல்தான் முதன்முதலாகப் பாலீர்ப்பைப் பற்றிக் கேள்வி கேட்டது. கடுமையான மனவேதனையில் இருந்ததாகத் தெரிந்தவர்கள், எதிர்பால் ஈர்ப்புள்ளவர்களில் நூற்றுக்கு 4 பேர். தன்பால் ஈர்ப்புள்ளவர்களில் 5. இருபால் ஈர்ப்புள்ளவர்களில் 11. ‘பாதி சாதாரணம்’ என்று நினைக்கப்படுகிறவர்கள்தான் அதிகம் நொந்திருக்கிறார்கள். இலான் மேயர் போன்ற ஆய்வாளர்கள் இதைச் சிறுபான்மை மன அழுத்தம் என்று விளக்கினார்கள். அவமானத்தை எதிர்பார்த்தபடியே வாழ்வதும், எந்நேரமும் ஒன்றை மறைத்துக்கொண்டிருப்பதும் உடம்பைத் தின்கிறது. குடி, புகை, தூக்கமின்மை, டாக்டரைத் தவிர்ப்பது எல்லாம் அதிலிருந்து கிளைவிடுகிறது. இருபால் ஈர்ப்புக்காரர்கள் இரண்டு பக்கமும் மறைக்க வேண்டியிருக்கிறது. ஒதுங்கச் சொந்தக் கூட்டமும் இல்லை.

இந்தியாவில்? 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நம் வீட்டு அடுப்பு, கக்கூஸ், ரத்தசோகை எல்லாம் கேட்டது. பாலீர்ப்பைக் கேட்கவில்லை. எண்ணப்படாதவர்களுக்கு நோயும் இல்லை, செலவும் இல்லை. சாதிவாரிக் கணக்கு கேட்டுப் போராடுகிற நமக்கு இந்தச் சூட்சுமம் புரியாமல் போகக் கூடாது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. 2018 செப்டம்பர் 6 வரைக்கும் 377-ஆவது பிரிவு தலைமேல் தொங்கியது. 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் தளர்த்தியதை 2013-இல் உச்சநீதிமன்றமே திருப்பிப் போட்டது. அப்படிப்பட்ட நாட்டில் கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டால் எவன் உண்மை சொல்வான்?

*

இங்கேதான் சாதி வருகிறது.

அந்தரங்கம் என்பது ஒரு சொத்து. தனியறை, கதவு, தாழ்ப்பாள், ஃபீஸ் கொடுத்தால் காதோடு பேசுகிற டாக்டர் எல்லாம் அந்தச் சொத்தின் பாகங்கள். அடையாறில் இருக்கிற ஒரு இருபால் ஈர்ப்புக்காரர் மனநல ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரலாம். அவருக்கும் வலி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. எங்க அண்ணனுக்குக் கிடைத்தது நாற்பது பேர் காது கேட்க ஒரு கேள்வி. பத்துக்குப் பத்து வீட்டில் ரகசியம் வைக்க இடமில்லை, உடம்புக்குள்தான் வைக்க வேண்டியிருந்தது. அது அவனை உள்ளேயிருந்து அரித்தது.

அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவன் இருப்பான். அதனால் யாரும் முழுசாக எதிர்க்க மாட்டான். பாலினச் சிறுபான்மையினர் நடுவிலும் அந்தப் படிக்கட்டு இருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யா 2007-இல் ‘நான் வித்யா’ எழுதினார். தலித்தாகவும் திருநங்கையாகவும் இருந்து, திருநர் வெறுப்பைப் பார்ப்பனியத்தோடு சேர்த்து வைத்துப் பேசியவர். அந்தப் புத்தகத்தைத் திருநங்கை சரித்திரம் என்று ஒரு அலமாரியில் வைத்தோம். தலித் தன்வரலாறு என்று நம் அலமாரியில் எத்தனை பேர் வைத்தோம்? 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்தது என்றால் அது அவர்கள் தெருவில் நின்று வாங்கியது. கண்ணுக்குத் தெரிகிறவர்கள் அடியும் வாங்கினார்கள், வாரியமும் வாங்கினார்கள். தெரியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே செத்தார்கள்.

பெண்கள் நிலை இன்னும் மோசம். ஆண்கள் விஷயத்திலாவது எய்ட்ஸ் பயத்தால் ஆய்வு நடந்தது. பெண்ணை விரும்புகிற, ஆணையும் விரும்புகிற பெண் யாருக்கும் ‘பாலம்’கூட இல்லை, அதனால் ஆய்வும் இல்லை. கேரளத்து மாணவி அஞ்சனா ஹரீஷ் 2020 மார்ச்சில் ஒரு வீடியோவில் பேசினார். இருபால் ஈர்ப்புள்ளவர் என்பதற்காக வீட்டார் தன்னைப் போதை மறுவாழ்வு மையங்களில் அடைத்ததையும், தெளிவில்லாமல் கிடக்கும் அளவுக்கு மருந்து கொடுத்ததையும் சொன்னார். மே மாதம் கோவாவில் உயிரை விட்டார். 21 வயசு. மருந்து கிடைக்காமல் ஒருத்தன் செத்தான். தேவையில்லாத மருந்தைத் திணித்ததால் நொறுங்கி ஒருத்தி செத்தாள்.

சட்டம் மாறியிருக்கிறது. 2017 மனநலச் சட்டம் சிகிச்சையில் பாலீர்ப்பின் பேரால் பாகுபாடு கூடாது என்கிறது. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஆளை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை சொன்னார். தனக்கே இந்த விஷயத்தில் அறியாமை இருந்தது என்று ஒத்துக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு எழுதிய தீர்ப்பு அது. அதைத் தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்தது. ஒரு நீதிபதி தன் தப்பெண்ணத்தை எழுத்தில் ஒத்துக்கொள்ள முடிகிறது. விமர்சகர்களால் முடியவில்லை. ‘கல்யாணம் பண்ணி வை, சரியாயிடும்’ என்று நான் சொன்னதும் அந்த மாற்றும் சிகிச்சைதான். டாக்டர் சீட்டு இல்லாமல் எழுதிக் கொடுத்தது.

*

நம் இயக்கத்துக்குள் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். “சேரியில குடிதண்ணி இல்ல, இது இப்ப தேவையா?” “இதெல்லாம் மேட்டுக்குடி வியாதி.” நானே ஒரு காலத்தில் இப்படிப் பேசியிருக்கிறேன். பெண்கள் பேச வந்தபோதும் நாம் இதையேதான் சொன்னோம். சேரியில் குடிதண்ணி இல்லாத வீட்டில்தான் எங்க அண்ணனும் இருந்தான். அவனுக்கு ரெண்டு பிரச்சினையும் சேர்ந்தே இருந்தது. வீரமான தலித் ஆம்பளை என்று ஒரு பிம்பத்தைக் கதையிலும் மேடையிலும் நாமே கட்டினோம். அந்தப் பிம்பத்துக்கு முன்னால் நின்று அவன் எப்படி வாயைத் திறப்பான்?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. புறநோயாளிப் பிரிவில் இந்தக் கேள்வியைத் தனியாக, மெதுவாக, ‘பெண்களோடா, ஆண்களோடா, இரண்டு பேரோடுமா’ என்று ஒரே குரலில் கேட்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் அப்படிக் கேட்கச் சொல்லித்தர வேண்டும். பதில் கோப்பைத் தாண்டிப் போகக் கூடாது. 2017 எச்.ஐ.வி. சட்டம் ரகசியத்துக்கு உறுதி கொடுத்திருக்கிறது. மேசையில் உட்காருகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அண்ணி மாதிரிப் பெண்களை நோயின் மறுகரை என்று பார்க்காமல், ஆரம்பத்திலிருந்தே கலந்து பேச வேண்டிய ஆளாகப் பார்க்க வேண்டும். நம் பத்திரிகைகளில் இவர்கள் சொந்தக் குரலில் எழுத இடம் வேண்டும்.

இந்தக் கட்டுரையை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். நாவல் பகுதி அவருக்கு அலுப்பாக இருந்தது. மற்றதைக் கேட்டுவிட்டு, “அவரு பேரு போடாத. பெயிண்டருன்னு போடு, அது போதும்” என்றார். பிறகு, “அந்தக் கூட்டத்துல நீ எந்திரிச்சு சொல்லியிருக்கணும்” என்றார்.

சொல்லியிருக்கத்தான் வேணும். அடுத்த கூட்டத்தில் சொல்வேன். மறுப்பு இருக்கிற தோழர்கள் எழுதுங்கள், பேசலாம்.